முடி கொட்டுகிறது என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்

(கெலிஓயாவில், வீடு திரும்பிய குடும்பங்களுக்கான கூட்டத்தில் 2026 பெப்ரவரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உம்மாமாரே, அக்காமாரே, தங்கச்சிமாரே, பின்னால் வாசலோடு நிற்கிற அண்ணன்மாரே,

இன்றைய கூட்டம் வீட்டுச் சேத விண்ணப்பம் பற்றியது என்றுதான் உங்களுக்கு அறிவித்தோம். அதை விளக்கி முடித்துவிட்டார்கள். எனக்கு ஒரு இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். நான் பேசப்போவது தலைமுடி பற்றி. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் இங்கே பக்கத்தில் சமையல் பாத்திரங்கள் பகிர்ந்து கொடுத்தோம். எல்லோரும் போன பிறகும் ஒரு உம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சொப்பிங் பேக். உள்ளே பாத்தால் முடி. ஐந்து நாளாகச் சீப்பிலும் தலையணையிலும் இருந்து சேர்த்து வைத்த முடி. "மகள், எனக்குப் பெரிய வருத்தம் ஏதும் வந்திருக்கா?" என்று கேட்டார். "ஏன் இவ்வளவு நேரம் கேட்காமல் இருந்தீங்க?" என்றேன். "ஊட்டையும் ஆளையும் இழந்தவங்க இருக்கிற எடத்துல முடியைப் பத்திக் கேக்க வெக்கமா இருந்திச்சு" என்றார்.

அதற்குப் பிறகு நான் போன இடமெல்லாம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அநேகமாக எல்லா இடத்திலும் இரண்டு மூன்று பேர் இதையே சொன்னார்கள். கேட்டால்தான் சொன்னார்கள். ஆகவே, இன்று எல்லோர் முன்னாலும் நானே கேட்கிறேன். நான் வைத்தியர் இல்லை, கலைப்பட்டதாரி. தகவல் சொல்வது என் வேலை. சுகாதாரத் துறையில் இருப்பவர்களிடம் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஏன் இப்போது கொட்டுகிறது?

நம் தலையில் ஏறக்குறைய ஒரு இலட்சம் முடி இருக்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் வளர்ந்துகொண்டிருக்கும். மிச்சம் பத்து அளவில் ஓய்வில் இருக்கும். ஓய்வு கிட்டத்தட்ட மூன்று மாதம். அது முடியும்போது அந்த முடி விழுந்து, அதே வேரில் புதிது முளைக்கும். இதனால் யாருக்கும் ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி வரை விழுவது சாதாரணம்.

உடம்புக்கோ மனதுக்கோ பெரிய அதிர்ச்சி வந்தால் உடம்பு தன் பலத்தை உயிர் காக்கிற வேலைக்குத் திருப்பிவிடுகிறது. முடி வளர்ப்பது அவசர வேலை இல்லை. எனவே பல முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகின்றன. பத்தாக இருந்தது முப்பது அளவுக்கும் போகலாம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு, மூன்று மாதம் கழித்து அந்த ஓய்வு முடியும்போது எல்லாம் சேர்ந்து விழும்.

இப்போது விரலை மடித்து எண்ணிப் பாருங்கள். டித்வா புயல் வந்து மகாவலி ஊருக்குள் ஏறியது நவம்பர் கடைசியில். டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி. மூன்று மாதம். இன்று உங்கள் சீப்பில் வருகிற முடி இன்றைக்குக் கெட்டுப்போன முடி இல்லை. நவம்பரில் மேட்டுக்கு ஓடிய இரவிலும், பாடசாலைத் தரையில் படுத்திருந்த நாட்களிலும் ஓய்வுக்குப் போன முடி. நாம் மறக்கப் பார்த்தாலும் உடம்பு கணக்கு வைத்திருக்கிறது.

இதற்கு வைத்தியத்தில் 'டெலோஜன் எஃபுளூவியம்' என்று பெயர். 1961இல் அல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர் இதை விபரித்து எழுதினார். கொரோனா காய்ச்சல் வந்து சுகமான பலருக்கும் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டியது இதே காரணத்தால்தான். டெங்கு, எலிக்காய்ச்சல், சத்திரசிகிச்சை, பிள்ளைப்பேறு எதற்குப் பிறகும் இப்படி வரலாம். நவம்பரில் குழந்தை பெற்ற தாய்மாருக்குப் புயலும் பிள்ளைப்பேறும் இரண்டும் சேர்ந்திருக்கிறது.

நல்ல செய்தி என்னவென்றால், வேர் சாகவில்லை. காரணம் நீங்கிவிட்டால் கொட்டுவது பொதுவாக ஆறு மாதத்துக்குள் குறைந்துவிடும். தலை முழுக்க வழுக்கையாகாது. ஆனால் முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். எனவே பழைய அடர்த்தி கண்ணுக்குத் தெரிய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அவசரப்படுத்த முடியாது.

கொட்டுகிறதா, உடைகிறதா?

இரண்டும் வேறு. வீட்டிலேயே பார்க்கலாம். விழுந்த பத்து முடியை ஒரு கறுப்புத் துணியின் மேல் வையுங்கள். முழு நீளமாக இருந்து, ஒரு நுனியில் குண்டூசித் தலையை விடச் சிறிய வெள்ளைப் புள்ளி இருந்தால் அது வேரோடு கழன்ற முடி. நான் இவ்வளவு நேரமும் சொன்னது அதைத்தான். சிலர் அந்த வெள்ளைப் புள்ளியைக் கண்டு "வேரே வந்துவிட்டது" என்று பயப்படுகிறார்கள். அது வேர் இல்லை. ஓய்வு முடிந்த முடியின் அடிப்பகுதி. வேர் தோலுக்குள்ளேயே இருக்கிறது.

துண்டு துண்டாக, வெள்ளைப் புள்ளி இல்லாமல் இருந்தால் அது உடைந்த முடி. அதற்குக் காரணம் பெரும்பாலும் நம் கைதான். முகாமில் இருந்தபோது ஷாம்பு இல்லை. உடுப்புத் துவைக்கிற சவர்க்காரத்தைத் தலைக்கும் போட்டோம். அது முடியைச் சொரசொரப்பாக்கிவிடும். ஈரத்தோடு இறுக்கிப் பின்னினோம். ஈரத்தலையின் மேலேயே முந்தானையும் ஸ்காப்பும் கட்டினோம். ஈரமான முடி இலேசில் அறுந்துபோகும். பேன் வந்ததால் பேன்சீப்பால் காய்ந்த தலையை இழுத்து இழுத்து வாரினோம்.

உடைவதை நிறுத்தச் செலவு தேவையில்லை. தலை குளிக்க முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். பைக்கெற் ஷாம்பு ஒன்றே இரண்டு தடவைக்குக் காணும். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். காய்ந்த பிறகு நுனியில் தொடங்கி மேலே வாருங்கள். தளர்வாகப் பின்னுங்கள். பேன் இருந்தால் எண்ணெய் தடவிய தலையில் பேன்சீப்பைப் போடுங்கள்.

கிணற்றில் குளோரின் போட்டதால்தான் முடி கொட்டுகிறது என்று ஒரு கதை ஊரில் ஓடுகிறது. அதை நம்பிக் குளோரின் வேண்டாம் என்று சொன்ன வீடுகளும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வாடை கடுமையாக இருக்கிற தண்ணீர் முடியைக் கொஞ்சம் வறட்சியாக்கும், அவ்வளவுதான். வேரோடு கழற்றாது. வெள்ளம் ஏறிய கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தால் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரும். முடிக்காகப் பிள்ளையை வருத்தத்தில் போட வேண்டாம்.

எண்ணெய்ப் போத்தல் பற்றி ஒரு வார்த்தை

இதை என் கதையாகவே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் எனக்கு டெங்கு வந்து சுகமானது. மூன்றாம் மாதம் முடி கொட்டத் தொடங்கியது. பயத்தில் கேட்ட விலை கொடுத்து ஒரு மூலிகை எண்ணெய் வாங்கினேன். இரண்டு மாதம் பூசினேன், நின்றுவிட்டது. ஆபீசில் எல்லோருக்கும் அந்த எண்ணெயைச் சிபாரிசு செய்தேன். பிறகு ஒரு தாதி சொன்னார்: "தங்கச்சி, நீங்க ஒண்டும் பூசாம இருந்திருந்தாலும் அந்த மாசம் நிண்டிருக்கும்."

யோசித்துப் பார்த்தால் சரிதான். தானாக நிற்கிற ஒன்றுக்கு, நிற்கிற நேரத்தில் கையில் எது இருந்ததோ அதுக்குப் பெயர் போகிறது. எண்ணெய் முடியின் மேற்பரப்பைக் காக்கும். ஓய்வில் இருக்கிற வேரை எழுப்பாது. முடிக்கென்று விற்கிற விற்றமின் மாத்திரைகளையும் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் அதனாலேயே முடி கொட்டும்.

வீடு சுத்தம் செய்ய அரசாங்கம் தந்த 25,000 ரூபாவில் எண்ணெய் வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அவரைக் குறை சொல்லவில்லை, நானும் வாங்கியவள்தான். ஆனால் இன்று அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது.

காசைச் சாப்பாட்டில் போடுங்கள்

முகாமிலும் சரி, திரும்பி வந்த பிறகும் சரி, பானையில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார்? தாய்தான். பிள்ளைகளுக்கும் மாமாவுக்கும் போட்ட பிறகு சோறும் குழம்பும்தான் மிஞ்சும். முடி என்பது புரதத்தால் ஆனது. இரும்புச்சத்து குறைந்தாலும் முடி கொட்டும். பருப்பு, பயறு, கடலை, சோயா, முட்டை, நெத்தலிக் கருவாடு இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் கோப்பையிலும் தினமும் விழ வேண்டும். முருங்கை இலை, கங்குன், வல்லாரை இங்கே வேலியோரத்திலும் சந்தையிலும் கிடைக்கும். சுண்டும்போது கடைசியில் தேசிக்காய் பிழியுங்கள். புளிப்பு இருந்தால் இலையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

கண்டிக்காரர் கோபிக்கக்கூடாது, ஆனால் சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பதை விடுங்கள். தேயிலைச் சாயம் இரும்புச்சத்து சேருவதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இன்னும் சில நாட்களில் நோன்பு வருகிறது. சஹருக்கு வெறும் பாணும் தேத்தண்ணியுமாக முடிக்காமல் ஒரு முட்டையோ பருப்போ சேருங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிற தாய்மாரும் கிளினிக்கில் கிடைக்கிற திரிபோஷாவை வீடு முழுக்கப் பங்கு போடாமல் நீங்கள் சாப்பிடுங்கள்.

எப்போது கிளினிக் போக வேண்டும்?

எல்லா முடி கொட்டலும் புயலால் வந்தது இல்லை. கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்:

• காசு அளவில் வட்டமாக ஒரு இடத்தில் மட்டும் முடி போயிருந்தால்.
• பிள்ளையின் தலையில் செதில், புண், சீழ், உடைந்த முடியோடு திட்டு இருந்தால். அது படர்தாமரையாக இருக்கலாம். மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றும். கடைக் களிம்பால் மட்டும் போகாது, குடிக்கிற மருந்து வேண்டும். சீப்பும் தொப்பியும் பகிர வேண்டாம்.
• முகம் வெளிறி, களைப்பு, படியேறினால் மூச்சு வாங்கினால், அல்லது மாதவிடாய் அதிகமாகப் போனால். இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
• கழுத்து வீக்கம், நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாமல் உடம்பு கூடினால் அல்லது மெலிந்தால். தைரொயிட் பரிசோதனை தேவைப்படலாம்.
• மூட்டு வலியும் தோலில் சிவப்புத் தடிப்பும் சேர்ந்து வந்தால்.
• ஆறு மாதம் கழிந்தும் நிற்காவிட்டால்.

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், நாம் 'மிஸ்ஸி' என்கிறோமே, அவரிடம் சொல்லுங்கள். பேராதனை போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனால் அவர்கள் பார்த்துத் தேவையென்றால் தோல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். காசு இல்லை. போகும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: எப்போது தொடங்கியது, அதற்கு மூன்று மாதம் முன்பு என்ன நடந்தது, என்ன மருந்து எடுக்கிறீர்கள். பிரஷர், சீனி மருந்துகளை முடிக்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. முடி கொட்டுகிறது என்று சொன்னவர்களிடம் "இரவில் நித்திரை வருகிறதா?" என்றும் கேட்டேன். அநேகம் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மழைச் சத்தம் கேட்டாலே எழும்பி உட்காருகிறோம் என்றார்கள். முடி தானாக வரும். நித்திரையைச் சில நேரம் யாராவது உதவித்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டும். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் சேவை. எங்கள் களப் பிள்ளைகளிடமும் சொல்லலாம்.

அந்த உம்மாவுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சொப்பிங் பேக்கை வீசிவிடுங்கள். விழுந்ததை எண்ண வேண்டாம். இன்னும் சில மாதத்தில் நெற்றி ஓரத்தில் விரலால் தடவிப் பாருங்கள். குட்டையாக, முள்ளு முள்ளாக ஏதாவது படும். அதை எண்ணுங்கள்.

இப்போது கேள்வி இருந்தால் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்க விருப்பமில்லாதவர்கள், வீட்டுப் படிவம் கொடுக்கிற சாக்கில் என்னிடம் வாருங்கள். நான் இருப்பேன்.