தையலும் தன்மானமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் இவனுக்கு ஊசி நூலைப் பற்றி என்ன பேச்சு என்று எண்ணாதீர்கள். தமிழில் 'தையல்' என்னும் சொல் தைப்பதையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தைப் பாடுங்கால் சிலப்பதிகாரம் துன்னகாரரை, அதாவது தையற்காரரை, மறவாது கூறுகின்றது. ஆகவே இக்கலை பழையது. 1851இல் சிங்கர் காப்புரிமை பெற்ற பொறியே புதியது.

நம் பெண்கள் வீட்டில் தைக்கும் இரவிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்டிர் மேலாடை அணிதல் குற்றமெனப்பட்டது. குப்பாயம் அணிந்தோர் தாக்கப்பட்டனர், ஆடைகள் கிழிக்கப்பட்டன. பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 1859இல் அரசர் தடையை நீக்கினார். அப்பொழுதும், உயர்சாதிப் பெண்டிரைப் போல அணியலாகாது என்ற விதி எஞ்சிற்று. துணி ஒன்றே, ஊசி ஒன்றே. உரிமை மட்டும் வேறு!

2001இல் சுரங்கம் மூடப்பட்டபின், நம்மவர் பலர் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கச் செல்கின்றனர். வீட்டில் ஓடும் தையற்பொறி அக்குடும்பத்திற்கு இன்னொரு கை. ஆயினும், பெண்மக்களே, அளவெடுத்து வெட்டக் கற்பதோடு நில்லாதீர்கள். ஆடையின் வரலாற்றையும் படியுங்கள். எதை அணிவது என்பதைப் பிறர் விதித்த காலம் ஒன்று இருந்ததை அறிந்தவளே, கூலி பேசும்போதும் நிமிர்ந்து பேசுவாள்.

தையற்பொறிக்கு அருகே ஒரு நூலும் இருக்கட்டும் என்று வேண்டி அமைகின்றேன்.