கடைமடைக்கும் தண்ணீர்
(முன்னாள் மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பட்டம் வாங்கிட்டு ஊருக்கு என்ன செய்யலாம்னு ஒரு தம்பி கேட்டார். இலங்கையில் நடந்ததைச் சொல்கிறேன்.

அம்பாறை மாவட்டம், கல்லோயா இடதுகரைப் பாசனம். தலைமடையில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைமடையில் தமிழர் பலர். மேலே எடுத்தது போக மிச்சம்தான் கீழே. சச்சரவுக்குக் கேட்கணுமா? அதிகாரிகள் மீதும் நம்பிக்கை இல்லை.

1981-ல் படித்த இளைஞர்களை அமைப்பாளர்களாக அனுப்பினார்கள். அவர்கள் எடுத்த எடுப்பில் சங்கம் தொடங்கவில்லை. வீடு வீடாகப் போய்க் குறை கேட்டார்கள். ஒரே வாய்க்காலில் பாயும் விவசாயிகளைச் சேர்த்து உட்கார வைத்தார்கள். விவசாயிகள் முதலில் வாய்க்காலைத் தூர் வாரினார்கள். பிறகு முறைவைத்துப் பாய்ச்சினார்கள். மிச்சப்பட்ட தண்ணீரைக் கடைமடைக்கு விட்டார்கள். இத்தனைக்கும் அந்த வருஷம் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் குறைவு!

நம்பிக்கை வரட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் பயிர் கருகியிருக்கும். கண்ணெதிரே நிறைவேறும் சின்ன ஒப்பந்தம்தான் நம்பிக்கையை வளர்த்தது. 'விட்டுக்கொடுங்க'ன்னு உபதேசம் செய்வது சுலபம். இன்று விட்டால் நாளை நம் முறை தவறாது என்ற உறுதி வேண்டாமா?

இதனால் நாட்டின் இனப்பிணக்கு தீர்ந்துவிடவில்லை. 1983-ல் நடந்ததை நாம் அறிவோம். ஆனாலும் ஒரு வாய்க்கால் அளவுக்கு மனிதர்கள் மாறினார்கள். அது சின்ன விஷயமில்லை.

தம்பிகளே, ஊருக்குப் போனதும் பேச ஆரம்பிக்காதீங்க, முதலில் கேளுங்க.