சில்லுக்குள் ஒரு பூட்டு

(திருவக்கரையில் நடைபெற்ற கணித, கணினி ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இவ்வூரின் கல்மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை உடையவை. மரத்துக்குள் ஊறி அதைக் கல்லாக்கியது சிலிக்கா. அதே சிலிக்காவிலிருந்து பிரித்தெடுக்கும் சிலிக்கானில்தான் கணினிச் சில்லுகளைச் செய்கிறார்கள். அந்தச் சில்லுக்குள்ளேயே பாதுகாப்பைத் தேடும் பேராசிரியர் வீ. காமகோடியைப் பற்றி இன்று பேசுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரியில் படித்தவர் அவர். சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று, 2001இல் அங்கேயே ஆசிரியரானார். 2022 ஜனவரியில் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றார். கணினிக் கட்டமைப்பும் தகவல் பாதுகாப்பும் அவருடைய ஆய்வுத் துறைகள்.

இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். வாசலில் எவ்வளவு பெரிய பூட்டைத் தொங்கவிட்டாலும், சுவரில் கன்னம் வைத்துவிட்டால் பயனில்லை. மென்பொருள் வாசல் என்றால், செயலி சுவர். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற குறைகள் வெளிவந்தன. வேகத்துக்காகச் செயலி முன்கூட்டியே செய்து பார்க்கும் வேலைகளின் தடயத்திலிருந்து ரகசியத்தைப் படிக்க முடியும் என்று அப்போது உலகம் அறிந்தது.

பிறர் செய்த சுவரை உள்ளே திறந்து சோதிப்பது கடினம். ஆகவே காமகோடியின் குழு, யாரும் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைக் கொண்டு ‘சக்தி’ என்ற செயலியை வடிவமைத்தது. 2018இல் அதன் ஒரு வடிவம் அமெரிக்காவிலுள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்திலும், மற்றொன்று சண்டிகரில் 180 நானோமீட்டர் நுட்பத்திலும் தயாராயின. வடிவமைப்பில் மாணவர்களின் உழைப்பும் பெரிது.

இத்துறையின் வேர் நம் ஆறாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. 59ஐ 61ஆல் பெருக்கச் சொல்லுங்கள்; பிள்ளைகள் 3599 என்று உடனே சொல்வார்கள். அடுத்த வகுப்பில் 3599ஐக் கொடுத்துக் காரணி கேளுங்கள், திணறுவார்கள். பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம். 1977இல் வந்த ஆர்.எஸ்.ஏ. பூட்டு, பல நூறு இலக்க எண்களில் இதே கடினத்தைத்தான் நம்பி நிற்கிறது. ‘பகா எண் எதற்கு உதவும் சார்?’ என்று கேட்கும் மாணவிக்கு இதுவே பதில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எமிஸ் தளத்தில் நம் குழந்தைகளின் பிறந்த தேதியும் பெற்றோரின் அலைபேசி எண்ணும் இருக்கின்றன. அதன் கடவுச்சொல்லை அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்தால் எந்தச் செயலியும் காப்பாற்றாது. கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையை யாராவது சுவரில் ஒட்டுவோமா? ஓ.டி.பி.யைப் பிறரிடம் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், முதலில் அதைக் கடைப்பிடிப்போம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் ஜே.இ.இ. எழுதாமலே, தகுதிச் சுற்றில் தேறிச் சேரக்கூடிய இணையவழிப் பட்டப்படிப்பைச் சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கியது. நம் மாணவர்களில் பலருக்கு இச்செய்தி நம் வாயிலாகத்தான் போய்ச் சேரும். நாளைக் காலை வணக்கக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.