மன்றக் கதவு நமக்கும் திறந்ததே

காஜாங் வாழ் தாய்மார்களே, உழைக்கும் தோழர்களே!

அங்காடிக் கடை லைசென்ஸ், தெருக் கால்வாய், குப்பை எல்லாம் நகராண்மைக் கழகத்தின் கையில். வீட்டு வரி கட்டுவது நாம். ஆனால் உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி மாநில அரசே அவர்களை நியமிக்கிறது.

அதே சட்டத்தின் 23-வது பிரிவைப் பாருங்கள். மன்றம் தீர்மானம் போட்டுத் தடுத்தாலொழிய, முழுக்கூட்டத்தில் பொதுமக்கள் உட்காரலாம். பேசும் உரிமையை மட்டும் அப்பிரிவு தரவில்லை. அதைக் கூட்ட விதிகளில்தான் எழுத வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கை இரண்டு: கூட்ட நிரலை முன்கூட்டியே தமிழிலும் ஒட்டுங்கள், குடியிருப்பாளர் கேள்விக்கு நேரம் ஒதுக்குங்கள்.

வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். காலி நாற்காலிகளைப் பார்த்து யாரும் விதியை மாற்ற மாட்டார்கள்.