சாயங்காலம் கடக்கக் கூடாத ஓடை

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

லிப்ட் பழுதாகிக் கிடந்த நாட்களில் பெரிய முதுகுப்பையோடு நான்கு மாடி ஏறி இறங்கிய என்னைப் பார்த்துச் சிரித்தீர்களே, அது எதற்கென்று இன்று சொல்கிறேன்.

அமெரிக்காவில் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை பசிபிக் கிரஸ்ட் டிரெயில் என்றொரு நடைபாதை உண்டு. சுமார் 4,265 கி.மீ. அங்கே வேலை பார்க்கும் என் மகனும் நானும் 2019 ஜூன் தொடக்கத்தில், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ஒரு பகுதியை மட்டும் நடந்தோம். காலண்டரில்தான் வசந்தம். மேலே பாதையே தெரியாது, எல்லாம் பனி.

இந்தப் பனிக்கு ஒரு நேரக் கணக்கு இருக்கிறது. இரவில் கல்லாக இறுகிவிடும். விடியுமுன் ஷூவுக்கு அடியில் இரும்பு முள் பூட்டி, ஐஸ் கோடரியுடன் நடந்தால் நன்றாகப் பிடிக்கும். வெயில் ஏறினால் இளகி, கால் தொடை வரை உள்ளே போகும். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கீழிருந்தும் அடிக்கும். எனக்கு மூக்குத் துவாரத்துக்குள் தோல் உரிந்தது. சன்ஸ்கிரீனை அங்கேயும் தடவ வேண்டுமாம், யார் கண்டது!

ஆனால் பெரிய ஆபத்து ஓடைகள்தான். பகலெல்லாம் உருகிய தண்ணீர் சாயங்காலம் வந்து சேரும். 2017-இல் இந்தப் பாதையில் நடந்த இரண்டு பெண்கள் சியரா ஆறுகளில் இறந்துபோனார்கள்.

டிண்டால் கிரீக் என்ற ஓடைக்கு நாங்கள் வந்தபோது மாலை ஐந்து மணி. எதிர்க்கரையில் கூடாரங்கள் தெரிந்தன. "அவங்க கடந்துட்டாங்களே அப்பா, நாமும் போயிடலாம்" என்றான் மகன். மறுநாள் பனி இளகுமுன் ஃபாரஸ்டர் கணவாயை ஏறியாக வேண்டும். 13,153 அடி, அந்தப் பாதையிலேயே உயரமான இடம். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் மாட்டேன் என்றுவிட்டேன். இரவு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தண்ணீருக்கடியில் கற்கள் உருளும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

காலை நாலரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தால், மாலையில் மூழ்கியிருந்த பாறை ஒரு சாண் வெளியே நிற்கிறது. பையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிட்டோம். விழுந்தால் பையை உதற வேண்டுமே. கம்பை ஊன்றிக் கடந்தோம். முழங்கால் அளவுதான்.

கணவாயின் கடைசி ஏற்றத்துக்கு வரும்போது மணி பத்தரை. பனி இளகிவிட்டது. நான்கு முறை இடுப்பு வரை புதைந்தேன். நான்கு முறையும் மகன்தான் இழுத்துவிட்டான், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நம் வளாகப் பிள்ளைகள் யாராவது மே மாதம் இமயமலைப் பக்கம் போவதாக இருந்தால், அந்த இரும்பு முள்ளும் கோடரியும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். துருவை மட்டும் தேய்க்க வேண்டியிருக்கும்.