வாயிற்காவலனும் கைதியின் மனுவும்



சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி முதலில் பேசுவது மன்னனிடம் அன்று, வாயிற்காவலனிடம். தன் வருகையை உள்ளே சென்று அறிவிக்குமாறு கேட்கிறாள், அவனும் அறிவிக்கிறான். அவளுக்காகப் பேச அங்கு எவருமில்லை. சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்னும் சான்றைத் தானே முன்வைத்து வெல்கிறாள். ஆனால் கோவலன் அதற்கு முன்பே வெட்டுண்டான். ஆள் உயிரோடிருக்கும்போதே அவன் காவலின் நியாயத்தை மன்றம் வினவச் செய்வது ஆட்கொணர்வு மனு. இலத்தீனத் தொடர் ஒன்றிற்கு இத்துணைப் பொருத்தமான தமிழாக்கம் வாய்த்தது நற்பேறே.

பாளையங்கோட்டைச் சிறையில் அடைபட்டவனுடைய மனு முன்பெல்லாம் சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2004 ஜூலை 24 முதல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயங்குவதால் தொலைவு குறைந்துள்ளது. பெரும்பாலும் தாயோ மனைவியோ வழக்குரைஞரை அமர்த்தி மனுச் செய்வர். அவர்களும் இல்லாதவன் தானே தாளெடுத்து எழுதுகிறான். அவன் வேண்டுவன சிறியவை: ஆணையின் ஒரு படி, தன் மொழியில் அதன் பெயர்ப்பு, சிறிது கால நீட்டிப்பு, விசாரணை நாளில் மன்றத்தில் நிற்க ஓர் இடம்.

அச்சிறிய வேண்டுகோளிலேயே விடுதலை அடங்கியிருந்ததை 1962ஆம் ஆண்டின் ஹரிகிஷன் வழக்கு காட்டும். நாகபுரியில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஒருவரிடம் காரணங்களை ஆங்கிலத்தில் தந்தனர். ஆங்கிலம் அறியேன், இந்தியில் தருக என்று அவர் கேட்டார். வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்லியாயிற்று, ஆங்கிலமே ஆட்சிமொழி என்று மாவட்ட நடுவர் மறுத்தார். உச்சநீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அறியாத மொழியில் தரப்பட்ட காரணம் தெரிவிக்கப்பட்டதாகாது என்று கூறி அவரை விடுவித்தது. மொழியுரிமைக்காக மேடைதோறும் முழங்கும் நாம் இவ்வழக்கைப் பேசுவது அரிது.

1978ஆம் ஆண்டின் ஹாஸ்கட் வழக்கு ஒரு தாளைப் பற்றியது. மனுதாரர் பல்கலைக்கழக ஆசிரியர். பட்டச் சான்றிதழைப் போலியாக்க முயன்றதாகத் தண்டிக்கப்பட்டவர். (படிப்பாளியும் சிறைக்குள் படிக்காதவனின் நிலைக்கே வந்துவிடுகிறார்.) தீர்ப்பின் படியைக் கொடுத்துவிட்டு, கருணை மனுவுடன் இணைக்கத் திரும்பப் பெற்றோம் என்றது சிறை நிருவாகம், தரவே இல்லை என்றார் அவர். ஒப்புகைச் சீட்டு இல்லை. மேல்முறையீடு மன்றத்தை எட்டுவதற்குள் தண்டனைக் காலமே முடிந்துவிட்டது. தீர்ப்பின் படியைக் கைதிக்கு இலவசமாக, உரிய காலத்தில், கையொப்பம் பெற்று வழங்க வேண்டும் என்ற நெறி இவ்வாறு பிறந்தது. வாயிற்காவலன் செய்தியை உள்ளே கொண்டுசெல்லாவிடில் கண்ணகியின் வழக்கும் இல்லை.

ஆனால் ‘கொணர்தல்’ என்னும் சொல்லை முழுதும் நம்புவதற்கில்லை. விசாகப்பட்டினம் சிறையிலிருந்த கனு சன்யாலின் வழக்கில், ஆளை நேரில் நிறுத்தாமலேயே மனுவை விசாரிக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 1973இல் கூறியது. வழக்குரைஞர் உடையவனுக்கு இதனால் பெரிய இழப்பில்லை. தானே வாதிட விரும்புபவனுக்கோ நேரில் நிற்பதுதான் வாதம்.

கடிதமே மனுவாகிய அருமையும் உண்டு. திகார் சிறையில் மரண தண்டனைக் கைதி ஒருவர், உடனிருந்த மற்றொருவர் பட்ட கொடுமையை நீதிபதிக்கு எழுதினார். அதனை ஆட்கொணர்வு மனுவாகவே ஏற்று, 1979 டிசம்பரில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார்.

நம் மாநிலத்தின் 1982ஆம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் பன்னிரு மாதங்கள் வரை காவல் நீளும். அறிவுரைக் குழுமத்தின் முன் வழக்குரைஞர் வழியாகத் தோன்றும் உரிமையும் அதில் இல்லை. செல்வனாயினும் அங்கு அவன் தானே பேச வேண்டியவன். எனினும் 1981இல் ஏ.கே.ராய் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு சிறு வாயிலைத் திறந்து வைத்திருந்தது: தடுப்புக் காவலில் இருப்பவர் குழுமத்தின் முன் நண்பர் ஒருவரின் துணையைக் கொள்ளலாம், அந்நண்பர் வழக்குரைஞராக இருத்தலாகாது. தாளைப் பொறுமையாகப் படித்து, அதன் பொருளை நல்ல தமிழில் எடுத்துச் சொல்லத் தெரிந்தவராயின் போதும். இவ்வவையில் அத்தகையோர் பலர் உளர்.