மார்க் போடுறவன் யாரு?
வீட்டுக் கடனும் நம்ம சனங்களும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



நிலம் பற்றிப் பேசியிருக்கிறோம். கூலி பற்றிப் பேசியிருக்கிறோம். இரட்டைக் குவளை, தேர் வடம், சுடுகாட்டுப் பாதை எல்லாம் பேசியிருக்கிறோம். பேங்குக் கடன் பற்றிப் பேசப் போறேன்னு சொன்னதும் சில தோழர்கள் முகத்துல, 'இதுல என்ன அரசியல்?'னு ஒரு கேள்வி தெரியுது. இருக்கு. வாடகைக்கு வீடு கேட்டா சாதியைக் கேட்டுக் கதவைச் சாத்துறவன் இருக்கிற நாட்டில், சொந்தமா நாலு சுவர் எழுப்புறது மானப் பிரச்சினை. முழுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு வீடு கட்டுகிறவன் நம்மில் யார்? கடன் வாங்கித்தான் கட்டணும். அந்தக் கடனுக்குப் போற வாசலில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். அவன் பேரு சிபில் ஸ்கோர்.

சிபில் என்பது அரசாங்க இலாகா இல்லை. கம்பெனி. 2000இல் தொடங்கப்பட்டது. 2005இல் இதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். இன்றைக்கு இப்படி நாலு கம்பெனிகள் இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நாம் எந்தக் கடனை எப்போது வாங்கினோம், எந்த மாதத் தவணையைத் தவறவிட்டோம் என்பதைப் பேங்குகள் இவர்களுக்கு அனுப்புகின்றன. இவர்கள் 300இலிருந்து 900க்குள் ஒரு மார்க் போடுகிறார்கள். 750க்கு மேலே இருந்தா மேனேஜர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்றார். 650க்குக் கீழே போனா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

இந்த மார்க்கில் சாதி எழுதும் கட்டம் கிடையாது. அதனால இது நடுநிலைன்னு சொல்றாங்க. எது கணக்கில் ஏறுகிறது, எது ஏறவில்லை என்று பாருங்கள். இருபது வருஷம் ஒருநாள் தவறாமல் வீட்டு வாடகை கொடுத்திருப்பான். ஏறாது. தண்டல்காரனுக்குத் தினமும் நூறு நூறாக் கட்டி முடித்திருப்பாள் பூ விற்கிற அம்மா. ஏறாது. கந்துவட்டிக்கு எதிராக 2003இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. வந்த பிறகும் அவனிடம்தான் போகிறோம், அவனுக்கு ஒழுங்காகக் கட்டவும் செய்கிறோம். அதுவும் ஏறாது. நம்முடைய நாணயம் முழுக்கக் கணக்குக்கு வெளியே கிடக்கிறது. நாம் தவறின தவணை மட்டும் கணக்குக்குள்ளே போகிறது. பேங்குக்குள்ளே நம்மை எப்போது விட்டார்கள்? படிப்புக் கடனுக்கும் குழுக் கடனுக்கும்தான். அதில்தான் அடிபடுகிறோம்.

இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவர்கள் இதைக் கேளுங்க. படிப்புக் கடன் உங்கள் பேரில் மட்டும் இல்லை. உங்க அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரர். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் 90 நாள் தவணை நின்றால் வாராக்கடன். இரண்டு பேர் மார்க்கும் சேர்ந்து விழும். ஐந்து வருஷம் கழித்து வேலை கிடைத்து வீடு கட்டப் போனால் அந்தப் பழைய கடன் முன்னால் வந்து நிற்கும். குழுக் கடனும் அப்படித்தான். குழுவாக வாங்கினாலும் ஒவ்வொரு பெண்ணின் பேரிலும் தனித்தனியாகப் பதிவு உண்டு. 2020 ஊரடங்கில் வேலை நின்று, அதன்பின் தவணை நின்ற எத்தனை பேருக்கு இன்றைக்கும் அந்தக் கறை இருக்கிறது! சொந்தக்காரனுக்கு ஜாமீன் போட்டவனுக்கும் அதே கதி.

அமெரிக்காவில் 1930களில் அரசு நிறுவனம் ஒன்று நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம். சிவப்புப் பகுதி என்றால் ஆபத்து, அங்கே வீட்டுக் கடன் கிடையாது. 1968இல் வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை சொத்து சேர்க்க முடியாமல் போய்விட்டது. அந்தக் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைப் பார்த்துத்தான் 1972இல் மராட்டியத்துத் தோழர்கள் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தார்கள். நமக்கு வரைபடமே தேவையில்லை. ஊர், சேரி என்று தெருவே வரைந்து வைத்திருக்கிறது. ஸ்கோர் நன்றாக இருந்தாலும் இரண்டாவது வாசல் ஒன்று உண்டு. அது மனை. ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த இலவச மனைப் பட்டாவில் விற்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும். பல இடங்களில் அந்தப் பட்டா கிராமக் கணக்கிலேயே ஏறியிருக்காது. பேங்கு வக்கீல் 'மூலப்பத்திரம் எங்கே?' என்பார். மதிப்பீட்டாளர் வந்து, 'காலனி வீட்டை வேற யாரு வாங்குவா?' என்று மதிப்பைக் குறைப்பார். ஊர்க்காரன் சேரியில் வீடு வாங்க மாட்டான் என்கிற தீண்டாமை, அங்கே 'சந்தை மதிப்பு' என்ற பேரில் எழுதப்படுகிறது. 1892இல் கிடைத்த பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்ட போராட்டத்தில், 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். மண்ணுக்கும் கடனுக்கும் சம்பந்தம் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது.

சரி, மார்க் குறைஞ்சு போச்சு. வீடு வேணும். என்ன செய்றது? வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் அறிக்கையை வாங்குங்கள். நாலு கம்பெனியும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். காசு கேக்குற புரோக்கர்கிட்ட போகாதீங்க. நமக்குச் சம்பந்தமே இல்லாத கடன், கட்டி முடித்தும் நிலுவை என்று நிற்கிற கடன், இரண்டும் அதில் இருக்கலாம். தவறு இருந்தால் கம்பெனிக்கும் பேங்குக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி செய்து, அது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

இரண்டாவது, சொற்களைப் புரிந்துகொள்ளுங்கள். 'ரைட் ஆஃப்' என்று இருந்தால் கடன் தள்ளுபடி என்று நம்ம சனங்க சந்தோஷப்படுறாங்க. இல்லை. பேங்கு தன் புத்தகத்தைச் சுத்தம் செய்துகொண்டது, அவ்வளவுதான். கடன் அப்படியே நிற்கிறது. 'செட்டில்டு' என்றால் குறைத்துக் கட்டி முடித்தான் என்று அர்த்தம், அதுவும் கரும்புள்ளிதான். முடிந்தால் மீதியையும் கட்டி, நிலுவை இல்லை என்று கடிதம் வாங்கி, 'குளோஸ்டு' என்று மாற்றச் சொல்லுங்கள். சின்னப் பாக்கிகளை முதலில் முடியுங்கள். பேங்குகள் 15 நாளுக்கு ஒருமுறையாவது விவரம் அனுப்பவேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டினது சீக்கிரம் ஏறும். ஆனாலும் பழைய தவறு ஒரே மாதத்தில் மறையாது. ஒரு வருஷமாவது ஒழுங்கைக் காட்டணும்.

மூன்றாவது, பத்துப் பேங்கில் ஒரே நேரத்தில் மனு போடாதீர்கள். ஒவ்வொரு மனுவும் விசாரணையாகப் பதிவாகி மார்க்கைக் குறைக்கும். நிலையான சம்பளம் உள்ள மனைவியோ, மகளோ, அண்ணனோ கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்ந்தால் பலம். 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை பேங்கு கொடுக்கலாம். நீங்கள் 25, 30 சதவீதம் கையிலிருந்து போட்டால் அவன் பயம் குறையும். பட்டா கிராமக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று தாலுகா ஆபீசில் முன்னாடியே பாருங்கள்.

நான்காவது, மறுத்தால் வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள். தலித், பழங்குடியினர் மனுவைக் கிளை மட்டத்தில் நிராகரிக்கக் கூடாது. அடுத்த மேல்மட்டத்தில்தான், காரணத்தைத் தெளிவாகக் குறித்து நிராகரிக்க வேண்டும் என்பது பேங்குகளுக்கு ரிசர்வ் வங்கி பல வருஷமாகச் சொல்லிவரும் அறிவுறுத்தல். இது எத்தனை மேனேஜருக்குத் தெரியும்? நமக்கே எத்தனை பேருக்குத் தெரியும்? குறைந்தபட்ச மார்க் இவ்வளவு என்று ரிசர்வ் வங்கி எதையும் நிர்ணயிக்கவில்லை. முதல்முறை கடன் கேட்கிறவரைக் கடன் வரலாறு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் நிராகரிக்கக் கூடாது. இதை 2025 ஆகஸ்டில் நிதித்துறை இணையமைச்சர் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். பேங்கு 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் போகலாம். 2022 செப்டம்பரிலிருந்து இந்த மார்க் கம்பெனிகள் மீதும் அவரிடம் புகார் செய்யலாம். அவர் கடன் வாங்கித் தரமாட்டார். ஆனால் பதில் சொல்ல வைப்பார்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மார்க் குறைந்தவனுக்கும் கடன் தர வீட்டுக் கடன் கம்பெனிகள் காத்திருக்கின்றன. விலை என்ன? 10 லட்சம், 20 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 9 சதவீதம் என்றால் மாதம் 8,997 ரூபாய். 14 சதவீதம் என்றால் 12,435 ரூபாய். மொத்தத்தில் எட்டேகால் லட்சம் அதிகம். இன்னொரு வீட்டுக்கான பணம் தோழர்களே! வேறு வழியில்லாமல் அங்கே வாங்கினால் மாறும் வட்டிக்கு வாங்குங்கள். சொந்த வீட்டுக்கான அந்தக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. இரண்டு வருஷம் தவறாமல் கட்டி, மார்க் ஏறினதும் குறைந்த வட்டிப் பேங்குக்கு மாற்றிக்கொள்ளலாம். சக்திக்கு மீறி மட்டும் வாங்காதீர்கள். 2002ஆம் வருஷத்துச் சர்ஃபாசி சட்டப்படி, வாராக்கடன் ஆனதும் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, சிவில் கோர்ட்டில் வழக்குப் போடாமலே வீட்டை எடுத்துக்கொள்ள முடியும். கட்டின வீட்டின் கதவில் சீல் வைப்பது கட்டாமலே இருந்ததைவிடக் கொடுமை.

இதையெல்லாம் தனித்தனி ஆளாகச் செய்யச் சொன்னால் நம்ம சனங்க பாதியில் விட்டுடுவாங்க. அதிகாரி முன்னால் தனியாக நிற்கிற கூலிக்காரனுக்குக் குரல் வராது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். அம்பேத்கர் பொருளாதாரம் படித்தவர். 1923இல் ரூபாயைப் பற்றிப் புத்தகம் எழுதினவர். பணத்தின் கணக்கை எதிரியிடம் விட்டுவிட்டு விடுதலை பேச முடியாது என்று அந்த வாழ்க்கை சொல்லுது. படித்த பிள்ளைகள் ஒவ்வொரு காலனியிலும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருங்கள். அறிக்கையை எடுத்துப் படித்துக் காட்டுங்கள். புகார் எழுதிக் கொடுங்கள். பேங்குக்குப் போகும்போது கூட நாலு பேர் போங்கள். நிராகரித்த கடிதங்களை எல்லாம் ஒரே கட்டாகச் சேர்த்து வையுங்கள். ஒரு கிளையில் ஐம்பது கடிதம் சேர்ந்தால் அது தனிமனிதன் குறை இல்லை, அந்தக் கிளையின் மார்க் ஷீட். அதைப் போட வேண்டியவர்கள் நாம்தான்.